கொம்பியூட்டர் பெட்டியில் கைவைக்க முதல்

வாசகர் கேள்வி, கராச் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ. பற்றியவை. காரணம் விளங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 இல் திரும்பத் திறந்தும் புது வாகனத்தின் விலை எங்கள் சனத்தின் கைக்கு எட்டவில்லை. அதனால் முப்பது வருடத்துக்கு முந்திய சொகுசுக் கார்கள் கொழும்பிலிருந்து ஏ-9 வழியாக வன்னிக்கு வந்து, கலியாண ஓட்டத்துக்கும், வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரை ஏற்றி இறக்கவும் நிற்கின்றன. அந்தக் கார்களின் எஞ்சின் இன்னும் உழைக்கும். அதை ஆளுகிற கொம்பியூட்டர் பெட்டி, அதாவது ஈ.சி.யூ., பற்றித்தான் எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்தை வைத்துச் சிலர் காசு பார்க்கிறார்கள் என்பதால் இந்த மாதம் முழுப் பக்கத்தையும் இதற்கே விடுகிறேன்.

கேள்வி: வணக்கம் அண்ணை. என்னிடம் 1994 ஆம் ஆண்டு பென்ஸ் ஈ 220, டபிள்யூ 124 மாடல், இருக்கிறது. கலியாண ஓட்டத்துக்கு விடுகிறேன். காலையில் ஒரு தட்டில் ஸ்ரார்ட் ஆகும். ஓடிச் சூடானபிறகு, நிற்கும் இடத்தில் எஞ்சின் ஏறி இறங்கும். சிலவேளை நின்றே விடும். போன கிழமை மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும்போது முறிகண்டியில் நின்றுவிட்டது. ஒரு கராச்சில், எதையும் கழற்றிப் பார்க்காமலே ‘கொம்பியூட்டர் பெட்டி செத்துப்போச்சு, மாத்தவேணும்’ என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்கள். மாற்றவா? (விசுவமடு)

பதில்: மாற்றாதேங்கோ தம்பி. முதலில் வயரைப் பாருங்கோ.

உங்கள் காரின் வருடமே பாதி விடையைச் சொல்கிறது. ஏறத்தாழ 1992 கடைசியிலிருந்து 1995 வரை கட்டிய பென்ஸ்களில் எஞ்சின் வயரிங் ஹார்னஸின், அதாவது எஞ்சினுக்குப் போகும் வயர்க்கட்டின், உறை சூட்டைத் தாங்காது. மக்கும் வகை உறை என்று அதைச் சொல்வார்கள். உங்களுடைய டபிள்யூ 124 இல் மட்டுமல்ல, அதே காலத்து எஸ் கிளாஸ் டபிள்யூ 140, சி கிளாஸ் டபிள்யூ 202 இன் முதல் வண்டிகள், ஆர் 129 எஸ்.எல். எல்லாவற்றிலும் இதே வருத்தம் உண்டு. ஐரோப்பாக் குளிரில் ஓடிய கார்களிலேயே உதிர்ந்த உறை அது. மாங்குளம் வெயிலில் பொனெட்டுக்குள் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசியுங்கோ.

எஞ்சின் நன்றாக ஆறியபிறகு பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கோ. காற்று அளக்கும் சென்சருக்குப் போகும் பிளக், இக்னிஷன் கொயிலுக்குப் போகும் பிளக், இந்த இரண்டிலும் தொடங்கலாம். பிளக்குக்குப் பின்னால் கறுப்பு ரப்பர் மூடி இருக்கும். அதைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, உள்ளே தனித்தனியாக வரும் வயர்களில் ஒன்றை விரலால் மெல்ல வளையுங்கோ. நல்ல வயர் வளைந்து கொடுக்கும். கெட்ட வயரின் உறை நமத்துப்போகாத முறுக்குப்போல நொறுங்கி விரலோடு வரும். சிவப்பா நீலமா என்று பிரிக்கமுடியாதபடி எல்லாம் கபில நிறமாய் இருக்கும், உள்ளே செம்பு வெளிக்குத் தெரியும். வெளி உறை மட்டும் புதிதுபோல மினுங்கும். அதனால்தான் மேலாலே பார்க்கிறவர்களுக்கு இது பிடிபடுவதில்லை.

காலையில் ஓடுகிற கார் சூட்டில் ஏன் குழம்புகிறது என்று கேட்பீர்கள். உறை கொட்டிய கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் கிடக்கும்வரை பிரச்சினை இல்லை. சூடேறி, எஞ்சின் ஆட்டத்தில் வயரும் ஆடும்போது உரசத் தொடங்கும். சென்சருக்குப் போகிற 5 வோல்ற் எர்த்தில் விழும். பெட்டிக்குப் பிழையான தகவல் போகும், அதை நம்பி அது பெற்றோலைக் கூட்டும், குறைக்கும். ஆக, பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இனி நான் சொல்வதை அந்தக் கராச்சுக்கும் சொல்லுங்கோ. உதிர்ந்த ஹார்னஸில் இன்னொரு பெட்டியைப் பூட்டினால் அந்தப் பெட்டியும் தப்பாது. 12 வோல்ற் வயர் ஒன்று சிக்னல் வயரில் பட்டால் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் எரியும். இப்போது உயிரோடு இருக்கிற உங்கள் பெட்டிக்கும் இதே ஆபத்து இருக்கிறது. அதனால் வயர் உதிர்கிறது என்று கண்டால், சரிசெய்யும்வரை அந்தக் காரை ஓட்டவேண்டாம்.

திருத்துவது எங்கள் ஊரிலேயே முடியும். பொறுமையான வயரிங்காரர் ஒருவரைப் பிடியுங்கோ. ஹார்னஸை முழுதாய்க் கழற்றி மேசையில் விரித்து, ஒரு வயரை வெட்டினால் அதே தடிப்பில் புது வயரைப் போட்டு முடித்தபிறகுதான் அடுத்ததை வெட்டவேண்டும். சூடு தாங்கும் சிலிக்கன் உறை அல்லது டெஃப்லான் உறை வயர்தான் வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் கம்பி இதற்கு ஆகாது. எஞ்சின் சுற்றுவதை அளக்கும் கிராங் சென்சருக்கும், எஞ்சினுக்குள் தட்டும் சத்தத்தைக் கேட்கும் நொக் சென்சருக்கும் போகிற வயரைச் சுற்றி மெல்லிய பின்னல் கவசம் இருக்கும். அதை எறிந்துவிட்டுச் சாதா வயர் போட்டால் இக்னிஷன் குறுக்கீடு உள்ளே ஏறி, புது வருத்தம் தொடங்கும். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியைத் திறந்து மூடும் திரொட்டில் அக்சுவேற்றரையும் மறக்கவேண்டாம். அதற்குள்ளே போகும் வயரும் அதே இனம். ஹார்னஸை மட்டும் மாற்றிவிட்டு அதைத் திறக்காமல் விட்டால் வேலை பாதியில் நிற்கும்.

வயர் எல்லாம் நல்லாக இருந்தால் அடுத்த சந்தேகம் கிராங் சென்சர். சூட்டில் கார் நின்றவுடனே அதன் இரண்டு முனையிலும் ஓம் மீற்றரை வையுங்கோ. ஆறிய நேரம் ஒரு கணக்குக் காட்டிய சென்சர் இப்போது ஒன்றும் காட்டாவிட்டால் அதுதான் ஆள். அதற்கும் அடுத்தது எர்த். எஞ்சின் ஓடும்போது பற்றரி மைனஸுக்கும் பெட்டியின் எர்த் வயருக்கும் இடையில் வோல்ற் பாருங்கோ. 0.1 ஐத் தாண்டக்கூடாது. இவ்வளவும் பார்த்து முடித்தபிறகும் வருத்தம் நின்றால் மட்டும் பெட்டியைப் பற்றிப் பேசுவோம். அப்போது திரும்ப எழுதுங்கோ.

கேள்வி: அண்ணா, அப்பாவின் 1989 பென்ஸ் 230 ஈ யில் ஏ.பி.எஸ். லைற் ஒருநாள் எரிகிறது, ஒருநாள் எரிவதில்லை. எரியும் நாளில் எஞ்சினும் ஒருமாதிரித் துடிக்கிறது. ஏ.பி.எஸ். பெட்டி, எஞ்சின் பெட்டி இரண்டும் பழுது என்கிறார்கள். ஒரேயடியாக இரண்டும் பழுதாகுமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியிலேயே விடை இருக்கிறது. இரண்டு பெட்டிக்கும் பொதுவாக மின்சாரம் கொடுக்கிற ஒன்றைத் தேடவேண்டும். அது ஓ.வி.பி. ரிலே. கூடிய வோல்ற் வந்தால் பெட்டிகளைக் காப்பாற்ற வைத்தது. பற்றரிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால் இருக்கும். தலையில் சிவப்பு மூடி, மூடிக்குக் கீழே 10 அம்பியர் பியூஸ். முதலில் பியூஸைக் கழற்றிப் பாருங்கோ, அதன் கால்களைத் துடைத்துப் போடுங்கோ. அதோடு சரிவராவிட்டால் ரிலேயின் அலுமினியக் கூட்டைத் திறந்து, உள்ளே போர்ட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் கண்ணாடி லென்ஸ் வைத்துப் பார்க்கவேண்டும். தடித்த கால்களைச் சுற்றி ஈயத்தில் தலைமயிர் அளவில் ஒரு வட்ட வெடிப்புத் தெரியும். சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, வருடக்கணக்கில் ஆடி வந்த வெடிப்பு அது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாய் வைத்தால் கன காலம் நிற்கும். புது ரிலே கிடைத்தால் இன்னும் நல்லது. ரிலேயை எடுத்துவிட்டு வயரால் பாலம் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓல்ட்டர்னேற்றரின் ரெகுலேற்றர் பழுதாகும் நாளில் அந்தக் காரின் பெட்டிகளைக் காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

அப்பாவுக்கு ஒரு ஆறுதல் சொல்லுங்கோ. அவருடைய காரில் இருப்பது கே.ஈ. ஜெட்ரோனிக் என்கிற, எஞ்சினுக்குப் பெற்றோல் கொடுக்கும் முறை. உள்ளே வரும் காற்று ஒரு தட்டை உயர்த்தும், தட்டு ஒரு ஊசியை உயர்த்தும், அந்த அளவுக்குப் பெற்றோல் போகும். பெட்டி செய்வது மேலதிகத் திருத்தம் மட்டும். பெட்டி முழுதாய் அணைந்தாலும் அந்தக் கார் இழுத்துப் பறித்தாவது வீடு வந்து சேரும்.

கேள்வி: தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் என்னுடைய ஒஸ்ரின் ஏ-40 ஐ மண்ணெண்ணெயில் ஓட்டினேன். மகன் இப்போது 1995 பென்ஸ் வைத்திருக்கிறான். அந்த வித்தையை இதில் செய்தால் என்ன? அவன் சண்டைக்கு வருகிறான். (புதுக்குடியிருப்பு)

பதில்: ஐயா, உங்கள் கையில் இருந்த வித்தை பெரிய வித்தை. பெற்றோலில் தட்டி, சூடேற்றி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்த முதல் திரும்பப் பெற்றோலுக்கு வந்து, அப்படித்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாகனம் ஓடியது. நான் தொழில் பழகியதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் இந்தச் சண்டையில் மகன் பக்கம்தான் நியாயம். ஏ-40 இன் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் எத்தனை மடங்கு அமுங்கும் என்பது, ஏழுக்குக் கிட்ட. காபரேற்றரின் ஊசியையும் இக்னிஷன் நேரத்தையும் நீங்கள் கையால் திருப்பி மண்ணெண்ணெய்க்கு இசையவைத்தீர்கள். பென்ஸில் விகிதம் பத்துக்குக் கிட்ட. மண்ணெண்ணெய் அந்த அமுக்கத்தில் தன்பாட்டில் வெடித்து பிஸ்ரனை அடிக்கும். நொக் சென்சர் அதைக் கேட்டு, பெட்டி இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும். இழுக்க ஓர் எல்லை இருக்கிறது. எரியாத எண்ணெய், புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சரில் கரியாய்ப் படியும், பிறகு பெட்டிக்குக் கண் தெரியாது. உங்கள் அனுபவத்தை மகனுக்குச் சொல்லிக்கொடுங்கோ. காரில் பரீட்சித்துப் பார்க்கவேண்டாம்.

கேள்வி: அண்ணை, 1998 பி.எம்.டபிள்யூ. 520 ஐ, ஈ 39. பிரான்சில் இருக்கும் மூத்தவருடையது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் நிறுத்தியது, பிறகு எடுக்கவே இல்லை. நெல்லு மூட்டை அடுக்கும் கொட்டிலுக்குள் நின்றது. புதுப் பற்றரி போட்டோம். டாஷ்போர்ட் லைற் எல்லாம் வருகிறது, ஸ்ரார்ட்டர் சுற்றவே இல்லை. லொறியில் இருந்து கேபிள் கொடுத்து இழுப்போம் என்கிறார் ஒருவர். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பெட்டி ஒன்றும் விலைபேசி வைத்திருக்கிறோம். எது நல்லது? (கிளிநொச்சி)

பதில்: இரண்டும் வேண்டாம். லொறி 24 வோல்ற். அதன் கேபிளை இந்தக் காரில் வைத்தால், கையில் இருக்கும் ஒரு வருத்தம் பத்தாகும். புதுப் பற்றரி நன்றாக சார்ஜ் ஆகி 12.6 வோல்ற் காட்டினால் வெளியிலிருந்து மின்சாரம் தேவையும் இல்லை.

நெல்லு மூட்டை என்று எழுதினீர்களே, அதுதான் என்னை யோசிக்க வைத்தது. நெல்லு இருக்கும் இடத்தில் எலி இருக்கும். பொனெட்டைத் திறந்து, எஞ்சின் அறையின் பின்மூலையில் கறுத்த மூடி போட்ட பெட்டிக்கூட்டைத் திறவுங்கோ. எஞ்சின் ஈ.சி.யூ. அதற்குள் இருக்கிறது. இப்படி நின்ற ஒரு காரைச் சென்ற போகத்தில் நான் திறந்தபோது, உமியும் வைக்கோலும் கிழிந்த சீற் பஞ்சும் சேர்த்துக் கூடு கட்டி, குட்டியும் போட்டிருந்தது. வயரைக் கடித்தது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது எலி மூத்திரம். அது பிளக்கின் பின்களில் பட்டுப் பச்சை பூக்கும். பற்றரியை (உங்கள் காரில் அது டிக்கிக்குள்) கழற்றியபிறகு பிளக்குகளை எடுத்து, ஐசோபுரோப்பைல் அல்ககோல் போட்டுப் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துக் காயவிடுங்கோ. தண்ணீர் வேண்டாம்.

ஸ்ரார்ட்டர் சுற்றாததற்கு இன்னொரு வலுவான காரணம் ஈ.டபிள்யூ.எஸ். என்கிற களவுத் தடுப்பு. திறப்பின் தலைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது. திறப்புப் போடும் இடத்தைச் சுற்றி வளைய அன்ரெனா ஒன்று அதைப் படிக்கும். படிக்காவிட்டால் ஸ்ரார்ட்டரையும் பெற்றோலையும் ஒன்றாய் நிறுத்தும். அண்ணரிடம் இரண்டாவது திறப்பு இருந்தால் வரவழைத்து அதைப் போட்டுப் பாருங்கோ. ஒரே வளையத்தில் இரண்டு சிப் திறப்புகளைக் கோத்து வைத்தும் போடவேண்டாம், ஒன்றை ஒன்று குழப்பும். ஓட்டோ கியர் என்றால் பி யில் இருந்து என் க்கு மாற்றியும் ஒருமுறை தட்டுங்கோ.

பஞ்சிகாவத்தைப் பெட்டியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இந்தக் காரில் எஞ்சின் பெட்டியும் ஈ.டபிள்யூ.எஸ். பெட்டியும் ஒன்றையொன்று அறிந்தவை. வேறு காரில் கழற்றிய எஞ்சின் பெட்டியைத் தனியே கொண்டுவந்து பூட்டினால், அது நூற்றுக்கு நூறு நல்ல பெட்டியாக இருந்தாலும் எஞ்சினை ஓடவிடாது. இரண்டையும் திறப்போடு சேர்த்து ஒரே காரில் இருந்து எடுக்கவேண்டும், அல்லது உள்ளிருக்கும் தகவலை எழுதி இசையவைக்கத் தெரிந்தவர் வேண்டும். விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார். ஓட முதல் தாங்கியில் நிற்கும் பழைய பெற்றோலை முழுக்க இறக்கிவிடுங்கோ. காரைக் கொட்டிலில் இருந்து வெளியே எடுங்கோ, அல்லது நெல்லை எடுங்கோ.

கேள்வி: ஐயா, நான் அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறேன். ஈ.சி.யூ. பெட்டியைத் திறந்து திருத்தும் வேலையை வன்னியில் தொழிலாகச் செய்யமுடியுமா? (கிளிநொச்சி)

பதில்: செய்யமுடியும், செய்யவேண்டும். இன்று ஒரு பெட்டி பழுதென்றால் அதைப் பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, கிழமைக்கணக்கில் கார் கல்லில் நிற்கிறது. அங்கே என்ன செய்தார்கள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. திருத்தினார்களா, துடைத்துத் திருப்பி அனுப்பினார்களா, கேட்க வழியில்லை. பரந்தனிலோ கிளிநொச்சியிலோ ஒரு மேசை, ஒரு நல்ல ஈயக்கோல், விஷயம் தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் இந்த நிலை மாறும். அந்தப் பிள்ளை நீங்களாக இருந்தால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

கொப்பாசிற்றரில், அதாவது போர்ட்டில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சின்ன உறுப்பில், தொடங்குங்கோ. 1989 இல் வந்த லெக்சஸ் எல்.எஸ். 400, ஜப்பானில் டொயோட்டா செல்சியர் என்று ஓடியது, அந்தத் தலைமுறைப் பெட்டிகளில் மின்பகு கொப்பாசிற்றர்கள் ஒழுகும். மூடியைத் திறந்தவுடன் மீன் வாடை அடிக்கும். கொப்பாசிற்றரின் காலடியில் போர்ட் மங்கிப்போய், செம்புக் கோடு அரித்திருக்கும். கொப்பாசிற்றரை மாற்றினால் மட்டும் போதாது. ஒழுகியதை அல்ககோலால் கழுவி, அறுந்த கோட்டை மெல்லிய கம்பியால் இணைத்து, கடைசியில் ஈரம் புகாத பூச்சும் பூசவேண்டும்.

எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஈயக்கோலைச் சூடாக்க முதல், அதில் இருக்கும் எட்டுக்கால் நினைவுச் சிப்பை, 93சி46 போன்றதை, படித்துக் கொம்பியூட்டரில் சேமித்துவிடுங்கோ. திறப்பின் விபரம் முதலாய் அந்தக் காரின் அடையாளம் பல வேளைகளில் அதில்தான் இருக்கிறது. எண்பதுகளின் பெட்டிகளில் நடுவில் கண்ணாடி யன்னல் வைத்த சிப் இருக்கும், யன்னலின்மேல் ஒட்டி இருக்கும் தாளை உரிக்கவேண்டாம். புற ஊதாக் கதிரால் அழியும் சிப் அது, வெயிலில் நாள்கணக்கில் திறந்து கிடந்தால் உள்ளே எழுதியது போய்விடும். காய்ந்த கச்சான் காற்றுக் காலத்தில் கையில் எர்த் பட்டி கட்டாமல் போர்ட்டைத் தொடவேண்டாம்.

இன்னொன்று, இது உங்கள் தொழிலின் மரியாதைக்காகச் சொல்வது. கொண்டுவருகிற ஒவ்வொரு பெட்டிக்கும் திறக்க முதல் மூன்று விஷயம் கேளுங்கோ: காரில் இதற்கு மின்சாரம் வந்ததா, எர்த் இருந்ததா, சென்சர் சிக்னல் வந்ததா? பார்க்கவில்லை என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, காரைக் கொண்டுவரச் சொல்லுங்கோ. பெட்டியைத் திறக்காமலே காரை ஓடவைத்து அனுப்பினால் அந்த வீட்டுக்காரர் உங்களை மறக்கமாட்டார். இன்னும் ஒன்று: காரின் பொடியில் (வெளிக்கூட்டில்) வெல்டிங் செய்யும் கராச்சுகளுக்கு, பற்றரியையும் ஈ.சி.யூ. பிளக்கையும் கழற்றாமல் தொடங்கவேண்டாம் என்று போகிற இடமெல்லாம் சொல்லுங்கோ. அதனால் சாகிற பெட்டிகளும் உங்கள் மேசைக்குத்தான் வரும்.

கேள்வி: போனோடு சேர்கிற சின்ன ஸ்கானர் ஒன்று வாங்கினேன். என்னுடைய 1995 சி 180 பென்ஸில் செருக இடமே இல்லை. மச்சானின் 1993 டொயோட்டா கிரவுனிலும் இல்லை. காசு வீணா? (வவுனியா)

பதில்: இந்த இரண்டு காருக்கும் அது உதவாது, பிறகு வாங்கும் காருக்கு வைத்திருங்கோ. அந்த ஸ்கானரைச் செருகும் பொதுவான 16 பின் சொக்கற் முறை அமெரிக்காவில் 1996 இலும், ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 இலும்தான் கட்டாயமானது. உங்கள் பென்ஸில் பொனெட்டுக்குள் 38 பின் வட்ட சொக்கற் இருக்கும். அதற்கு ஏற்ற கேபிளும் பென்ஸுக்கான ஸ்கானரும் வைத்திருப்பவரிடம் போகவேண்டும்.

மச்சானின் கிரவுனுக்கு ஒரு துண்டு வயர் போதும். பொனெட்டுக்குள் ‘டயக்னோசிஸ்’ என்று எழுதிய சிறு பெட்டியின் மூடியைத் திறந்தால், மூடியின் உட்பக்கத்தில் ஒவ்வோர் ஓட்டையின் பெயரும் அச்சிட்டிருக்கும். ரி.ஈ.1 ஐயும் ஈ.1 ஐயும் வயரால் இணைத்து, ஸ்ரார்ட் செய்யாமல் திறப்பை ஓன் செய்யுங்கோ. எஞ்சின் லைற் மின்னத் தொடங்கும். இரண்டு தரம் மின்னி, கொஞ்சம் நின்று, திரும்ப இரண்டு தரம் மின்னினால் அது 22. தண்ணீர்ச் சூட்டைச் சொல்லும் சென்சரையும் அதற்குப் போகிற வயரையும் பாருங்கோ. விடாமல் ஒரே சீராய் மின்னினால் பதிவான பழுது ஒன்றும் இல்லை. மூடியில் உள்ள பெயரை இரண்டு தரம் வாசித்தபிறகு வயரைச் செருகுங்கோ. 12 வோல்ற் நேராய் வருகிற ஓட்டையும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது.